இணையவழி விளக்கப்படங்களும் வகுப்பறையும்

(ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் கல்வித்துறை அலுவலர்களும் பங்கேற்ற பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளக்கப்படங்களையும் மனவரைபடங்களையும் இணையவழியில் வரைய உதவும் கருவிகளைக் கல்வியில் எவ்வாறு பயன்படுத்துவது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் கல்வியாளன் அல்லன். பொருளாதாரம் பயின்று, முப்பது ஆண்டுகளாக மத்திய அரசின் கோப்புகளுக்கிடையே காலங்கழித்தவன். இருப்பினும் படங்களோடு எனக்குப் பழக்கம் உண்டு. இருபது பக்கம் குறிப்பு எழுதியும் தீராத ஐயம் ஒன்று, ஒரு தாளில் நான்கு கட்டங்களும் ஐந்து அம்புக்குறிகளும் வரைந்தவுடன் தீர்ந்ததைக் கண்டிருக்கிறேன். அழகிய படம் ஒன்று பல மாதங்கள் உண்மையை மறைத்து நின்றதையும் கண்டிருக்கிறேன். இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை வரைந்தவன் நானே.

பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், ஒரு திட்டத்தின் நிதி எவ்வழியே செல்கிறது என்று காட்டும் படமொன்றை ஆயத்தம் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. மத்திய அரசிலிருந்து மாநிலத்துக்கு, மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கு என அம்புக்குறிகள் படிப்படியாக இறங்கின. நான்கு வண்ணங்களில் வரையப்பட்டுக் கூட்ட அறையின் சுவரில் மாட்டப்பட்ட அப்படத்தைப் பார்த்தவர் அனைவரும் பாராட்டினர். எங்கள் பிரிவிலிருந்த உதவியாளர் ஒருவர் மட்டும் ஒருநாள் அதன் முன் நின்று, "எல்லா அம்பும் கீழேயே போகிறதே, ஐயா! பயனீட்டுச் சான்றிதழ் எந்த வழியாகத் திரும்பி வரும்?" என்று கேட்டார். அவ்வாண்டு இரண்டாம் தவணை நின்றுபோனதற்குக் காரணமே அச்சான்றிதழ்கள் வந்து சேராமைதான். அவை எந்தப் படியில் தேங்குகின்றன என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது; ஏனெனில் திரும்பும் வழியை நான் வரைந்ததே இல்லை.

மாணவரிடமும் இதுவே நிகழ்கிறது. தனக்கு எது விளங்கவில்லை என்பது அவருக்கே தெரிவதில்லை. ஆசிரியருக்கும் அது தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் தெரியவருகிறது. அதனை முன்கூட்டியே வெளிக்கொணர்வதற்குப் படம் வரைதல் பயன்படுமானால் அது பெரும்பயன். வேறு எதற்குப் பயன்பட்டாலும் அது சுவரலங்காரத்தோடு ஒப்பத்தக்கதே.

பொருளாதார வரலாற்றில் படத்துக்குத் தனி இடம் உண்டு. 1758-இல் பிரான்சுவா கெனே என்னும் பிரெஞ்சு மருத்துவர், விளைபொருளும் பணமும் நிலவுடைமையாளர், உழவர், கைத்தொழிலாளர் ஆகிய மூன்று பிரிவினரிடையே எவ்வாறு கைமாறுகின்றன என்பதைக் குறுக்கும் நெடுக்குமாக இறங்கும் கோடுகளால் ஒரே தாளில் காட்டினார். 1949-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பில் பிலிப்ஸ் என்பவர், தொட்டிகளும் குழாய்களும் பொருத்திய இயந்திரமொன்றில் நிறமூட்டிய நீரை ஓடவிட்டு, வருமானமும் வரியும் சேமிப்பும் முதலீடும் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்று காட்டினார். நீர் ஓடும் விளக்கப்படம் என்றே அதனைக் கூறலாம். குழாய் ஒன்றைப் பொருத்த மறந்தால் தரையில் நீர் ஒழுகும். தாளில் வரைந்த படத்தில் அத்தகைய வசதி இல்லை.

படம் ஏன் உதவுகிறது என்ற கேள்விக்கும் ஒரு பொருளாதார நோபல் பரிசாளரே விடை தேடினார். ஹெர்பர்ட் சைமன், ஜில் லார்கின் என்பாருடன் இணைந்து 1987-இல் ஓர் ஆய்வுரை எழுதினார். உரைநடையிலும் படத்திலும் ஒரே செய்தி அடங்கியிருந்தாலும், சேர்த்துப் பார்க்கவேண்டியவை படத்தில் அருகருகே அமைவதால் தேடும் உழைப்பு குறைகிறது என்பது அவர்களது வாதம். எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது என்பதை உணர்த்த, "சில வேளைகளில்" என்னும் சொல்லை அவ்வாய்வுரையின் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் இட்டனர். நமது பயிற்சி ஏடுகளில் அந்தச் சொல் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

இனி, வகுப்பறையில் வழங்கும் இருவகைப் படங்களைப் பிரித்தறிவோம். மனவரைபடம் என்பதைப் பரப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி புசான்; 1974-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடர் அதற்குப் புகழ் தேடித்தந்தது. நடுவில் ஒரு பொருள், அதிலிருந்து கிளைகள், கிளைக்கு ஒரு சொல், வண்ணங்கள் என்பது அதன் அமைப்பு. நினைவில் உள்ளதைக் கொட்டி அடுக்குவதற்கும், கட்டுரைக்குக் குறிப்பெடுப்பதற்கும் அது நல்ல துணை. எக்ஸ்மைண்ட், மைண்ட்மீஸ்டர், காகிள் முதலியவை இவ்வகைக் கருவிகள்.

கருத்து வரைபடம் என்பது வேறு. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர், சிறுவர்களின் அறிவியல் அறிவு ஆண்டுதோறும் எவ்வாறு மாறுகிறது என்று பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். நேர்காணல் பதிவுகள் குவிந்தனவேயன்றி, எந்தக் குழந்தையின் மனத்தில் எக்கருத்து எதனோடு இணைந்திருக்கிறது என்பது எளிதில் புலப்படவில்லை. அதைக் கண்டறியும் வழியாகவே இப்படமுறை உருவாயிற்று. கட்டங்களில் கருத்துகளும், அவற்றை இணைக்கும் கோட்டின் மேல் அவ்விணைப்பின் தன்மையைக் கூறும் சொல்லும் எழுதப்படும். பாடம் நடத்துவதற்காகத் தோன்றியதன்று இது. கற்பவர் மனத்தில் உள்ளதைப் பார்ப்பதற்காகத் தோன்றியது. புளோரிடாவிலுள்ள ஆய்வு நிறுவனமொன்று உருவாக்கிய சிமேப் டூல்ஸ் என்னும் மென்பொருள் இம்முறைக்கென்றே அமைந்தது.

எடுத்துக்காட்டு ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். பன்னிரண்டாம் வகுப்புப் பொருளாதார மாணவரிடம், "வெங்காய விலை ஏன் திடீரென்று ஏறுகிறது?" என்று கேட்டு, மனவரைபடம் வரையச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் நடுவில் வெங்காயம், சுற்றிலும் மழை, வணிகர், சேமிப்பு, ஏற்றுமதி, அரசு என ஐந்து கிளைகள் ஐந்து வண்ணங்களில் வந்துவிடும். பார்க்க நன்றாயிருக்கும். ஆயினும் மாணவர் பெயர்களைப் பட்டியலிட்டிருக்கிறாரேயன்றி எதனையும் விளக்கவில்லை. தவறென்று சுட்டவும் அதில் ஒன்றுமில்லை. தவறாக இருக்க இயலாத படத்திலிருந்து எவரும் எதையும் கற்பதில்லை.

இப்போது, மழையிலிருந்து விலைக்குச் செல்லும் கோட்டின் மேல் ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. எந்த மழை? எந்தப் பயிரின் மீது? நாசிக் மாவட்டத்து லாசல்காவ் சந்தைக்கு வரும் வெங்காயத்தைக் கருதுங்கள். ரபி பருவத்து வெங்காயம் மார்ச் முதல் மே வரை அறுவடையாகிறது. நாட்டின் உற்பத்தியில் பெரும்பங்கு இதுவே. மகாராஷ்டிரத்தில் "காந்தா சாள்" எனப்படும் காற்றோட்டக் கொட்டகைகளில் இது மாதக்கணக்கில் சேமிக்கப்பட்டு, சிறிது சிறிதாகச் சந்தைக்கு வருகிறது. அக்டோபரை ஒட்டிக் கரீப் வெங்காயம் வரத் தொடங்கும்வரை நாடு உண்பது பெரும்பாலும் இச்சேமிப்பைத்தான். ஆகவே செப்டம்பரில் மழை மிகுந்தால், கொட்டகையில் ஈரம் ஏறி இருப்பு அழுகுவது ஒரு வழி. வயலில் நிற்கும் கரீப் பயிர் கெட்டு அறுவடை தள்ளிப்போவது மற்றொரு வழி. "மழை" என்னும் ஒரே கட்டத்திலிருந்து இரு அம்புகள் இரு வேறு கட்டங்களுக்குச் செல்லவேண்டும். அவை "சந்தை வரத்து" என்னும் கட்டத்தில் சேர்ந்த பின்னரே விலையைச் சென்றடைய வேண்டும். முதற்படத்தில் "சந்தை வரத்து" என்னும் கட்டமே இல்லை என்பதை மாணவர் அப்போது தாமாகவே காண்பார். பதுக்கல் என்று எழுதியவர் மேலும் திணறுவார். விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பால் பதுக்கல் நிகழ்கிறதா, பதுக்கலால் விலை ஏறுகிறதா? அம்பின் முனையை எப்பக்கம் வைப்பது என்று அவர் முடிவு செய்தாகவேண்டும்.

அடுத்து அரசின் அம்புகள். 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2024 மே மாதத்தில் தடை நீங்கியது. எஞ்சியிருந்த 20 விழுக்காடு வரி 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து விலக்கப்பட்டது. இவற்றை ஆண்டுவரிசையாக மனப்பாடம் செய்வது எளிது. "ஏற்றுமதித் தடை" என்னும் கட்டத்திலிருந்து நகர நுகர்வோருக்கும் நாசிக் உழவருக்கும் தனித்தனியே அம்பு வரைந்து, ஒன்றில் கூட்டல் குறியும் மற்றொன்றில் கழித்தல் குறியும் இடுமாறு சொன்னால், ஒரு கொள்கையால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்பது கண்முன் நிற்கும்.

இறுதியாக வருவதே மிக முக்கியமான கோடு. இவ்வாண்டு விலை உயர்ந்தால் அடுத்த பருவத்தில் உழவர் கூடுதல் பரப்பில் நடுகிறார். வரத்து பெருகி விலை சரிகிறது. மனமுடைந்து பரப்பைக் குறைக்கிறார். மீண்டும் விலை ஏறுகிறது. 1934-இல் நிகோலஸ் கால்டோர் "சிலந்திவலை" என்று பெயரிட்ட தேற்றம் இதுவே. இதில் விலையிலிருந்து புறப்பட்ட அம்பு சுற்றிவந்து விலையையே அடைகிறது. மனவரைபடக் கருவியோ மரத்தின் வடிவில் அமைந்தது. அதில் கிளை வேருக்குத் திரும்பாது. குறுக்கே புள்ளிக்கோடு ஒன்று இழுக்கலாம், அவ்வளவே. மாணவருக்கு அந்தக் கருவி ஒன்றையே பழக்கினோமாயின், சுழற்சியாக நிகழும் எதையும் அவர் வரையமாட்டார். நாளடைவில் நினைக்கவும் மாட்டார். வறுமையும் கல்வியின்மையும், கடனும் விளைச்சலும் என நமது வளர்ச்சிச் சிக்கல்களில் பெரும்பாலானவை சுழல்களே. கருவியைத் தேர்ந்தெடுக்கும் அலுவலர் ஒருவகையில் சிந்தனையின் வடிவத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். விலைப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியலில் இதற்கென ஒரு பத்தி இருப்பதை நான் இதுவரை கண்டதில்லை.

தமிழில் கற்பிப்போர் சந்திக்கும் இடர் ஒன்றையும் இங்கே கூறவேண்டும். நோவாக் முறையில் கட்டம், கோட்டின் மேலுள்ள சொல், அடுத்த கட்டம் ஆகிய மூன்றையும் தொடர்ந்து படித்தால் ஒரு வாக்கியம் வரவேண்டும். ஆங்கிலத்தில் வினைச்சொல் நடுவில் வருவதால் இது இயல்பாக அமைகிறது. தமிழிலும், நமது நாட்டு மொழிகள் பெரும்பாலானவற்றிலும் வினை இறுதியில் வரும். ஆங்கில மாதிரியை அப்படியே பெயர்த்து, "மழை – ஏற்படுத்துகிறது – அழுகல்" என்று எழுதவைத்தால் அது யார் பேசும் மொழியும் அன்று. கோட்டின் மேல் எச்சத்தையும் வேற்றுமையையும் வைத்து, முடிவை அடுத்த கட்டத்துக்கு விட்டுவிடலாம்: "மழை – மிகுவதால் – இருப்பு அழுகுகிறது", "இருப்பு – அழுகியபின் – வரத்து குறைகிறது". இவ்வாறு எழுதும்போது "ஆல்" என்பதற்கும் "பின்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் கவனித்தே ஆகவேண்டும். ஒன்று காரணம், மற்றொன்று வரிசை மட்டுமே. பொருளாதாரத்தில் முதுகலை முடித்தவர்களும் குழப்பிக்கொள்ளும் வேறுபாடு அது.

கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இருக்க, இணையவழிக் கருவி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாளில் வரைந்த படத்தை மாற்றுவது தொல்லை என்பதால், மாணவர் தமது முதற்படத்தையே காப்பாற்ற முனைவார். கணினியில் கட்டத்தை நகர்த்தினால் அதனோடு இணைந்த அம்புகளும் உடன் நகர்கின்றன. பிழையை ஒப்புக்கொள்வதன் விலை குறைந்துவிடுகிறது. மேலும், இருவர் வெவ்வேறிடத்திலிருந்து ஒரே படத்தில் பணிசெய்யலாம். பல கருவிகள் பழைய நிலைகளையும் சேமித்து வைக்கின்றன. எந்த நாளில் எந்த அம்பின் திசை மாறியது என்று ஆசிரியர் பார்க்க முடியும். நூற்றுக்கணக்கான சின்னங்களும் வண்ணங்களும் ஆயத்த வார்ப்புருக்களும் இதில் சேரா. ஒரு வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளையில் முப்பது நிமிடம், கட்டத்துக்கு எந்த நீலம் பொருந்தும் என்பதிலேயே கழிந்ததை நேரில் கண்டேன்.

ஆய்வுகள் கூறுவது என்ன? ஜான் நெஸ்பிட், ஒலுசோலா அடெசோப்பே ஆகியோர் 2006-இல் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கருத்து வரைபடப் பயன்பாடு நினைவில் நிற்பதற்குத் துணைசெய்கிறது என்றனர். ஆனால் 2011-இல் சயன்ஸ் இதழில் ஜெப்ரி கார்பிக்கே, ஜேனல் பிளண்ட் இருவரும் வெளியிட்ட சோதனை பலரைத் திடுக்கிடவைத்தது. பாடத்தை முன்வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்த மாணவரைவிட, பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப்பார்த்த மாணவரே பின்னர் நடந்த தேர்வில் மேம்பட்டிருந்தனர். அதே இருவர் 2014-இல் இன்னொரு சோதனை செய்தனர். பாடத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து கருத்து வரைபடம் வரையவைத்தபோது, அதுவும் நினைவிலிருந்து எழுதுவதற்கு நிகரான பயன் தந்தது. நூலைத் திறந்துவைத்து வரைந்தால் சொற்கள் தாளிலிருந்து திரைக்கு மாறுகின்றன. மூளையின் வழியாக அவை செல்லவேண்டிய கட்டாயம் இல்லை. எனவே ஆசிரிய நண்பர்கள் முதலில் நூலை மூடச் சொல்லவேண்டும். படம் வரைந்து முடித்தபின் நூலைத் திறந்து, விடுபட்டவற்றை வேறு நிறத்தில் சேர்க்கச் செய்யலாம். வண்ணத்துக்கு உருப்படியான பயன் இதுவொன்றே எனக்குத் தெரிகிறது.

இந்நோக்கில் பார்த்தால், ஆசிரியரோ பதிப்பாளரோ வரைந்து வழங்கும் ஆயத்தப் படங்கள் வழிகாட்டிக் குறிப்பேடுகளின் புதிய உருவமே. அண்மையில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தலைப்பைத் தட்டச்சு செய்த சில நொடிகளில் முழுப்படத்தையும் வரைந்து தருகின்றன. அழிப்பதன் சிரமத்தைக் கருவி குறைக்கட்டும். அம்பு எங்கே செல்லவேண்டும் என்று முடிவுசெய்யும் சிரமத்தையும் அது எடுத்துக்கொண்டால் மாணவருக்கு மிஞ்சுவது அச்சிடும் வேலைதான். அத்தகைய படத்தை வகுப்பில் தடைசெய்யச் சொல்லவில்லை. அதை அச்சிட்டுக் கொடுத்து, கோடுகளின் மேல் சொற்களை நிரப்பவும், தவறான அம்புகளைக் கண்டுபிடிக்கவும் செய்யலாம். இயந்திரம் வரைந்த படத்தில் குற்றம் காண்பதில் மாணவர் காட்டும் ஆர்வம் தனிவகை.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யுடைஸ் பிளஸ் கணக்கின்படி 2023-24-இல் நமது பள்ளிகளில் 57.2 விழுக்காட்டில் கணினியும், 53.9 விழுக்காட்டில் இணைய வசதியும் இருந்தன; 2024-25-இல் இவை முறையே 64.7, 63.5 விழுக்காடாக உயர்ந்தன. வளர்ச்சி விரைவானதே. ஆனாலும் அவ்வாண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பள்ளிகள் வெளியே நின்றன. கைப்பேசித் திரையிலோ பத்துக் கட்டங்களுக்கு மேல் வரைந்தால் எழுத்து தெரியாது. எனவே, இணையம் இன்றியும் இயங்கும் கருவிகளுக்கு முதலிடம் தாருங்கள். ப்ரீபிளேன் என்னும் மனவரைபட மென்பொருளும், டிரா டாட் ஐஓ கருவியின் மேசைக்கணினிப் பதிப்பும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வகுப்புக்கு ஒரு கணினியே இருந்தால் கரும்பலகையில் முதலில் வரைந்து விவாதித்து, ஒரு மாணவரைக் கணினியில் அமர்த்தி, மற்றவர் சொல்லச் சொல்ல அவர் மாற்றிக்கொண்டே வரச் செய்யலாம். தனித்தனிக் கணினியில் அமைதியாக வரைவதைவிட அவ்வகுப்பில் சச்சரவு மிகுதி; கற்றலும் அப்படியே.

கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திய கூகுள் ஜாம்போர்டு 2024 இறுதியில் மூடப்பட்டது.  வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவில் ஒரு படியைப் பள்ளியிலேயே வைத்திருப்பது நல்லது. தமிழெழுத்துகள் உடையாமல் அச்சாகின்றனவா என்பதையும் முதல் நாளே சோதித்துவிடுங்கள். மேலும், 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகக் கொண்டு, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. மாணவர் பெயரையும் மின்னஞ்சலையும் கேட்காமலேயே இயங்கும் கருவி கிடைக்கும்போது, கேட்கும் கருவியை ஏன் நாடவேண்டும்?

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். இத்தகைய திட்டம் உங்கள் மாவட்டத்துக்கு வரும்போது, "எத்தனை மனவரைபடங்கள் தயாரிக்கப்பட்டன?" என்னும் பத்தி ஆய்வுப் படிவத்தில் தானாகவே முளைத்துவிடும். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும். அதை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு மாறாக, ஒவ்வொரு பள்ளியிலும் ஏதேனும் மூன்று மாணவரின் முதற்படத்தையும், மூன்று வாரங்களுக்குப் பின் அதே மாணவர் அதே தலைப்பில் நூலை மூடிவைத்து வரைந்த படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்குமிடையே எந்த அம்பு திசைமாறியது, எந்தப் புதிய கட்டம் நுழைந்தது என்று அம்மாணவரையே கேளுங்கள். விடை சொல்ல அவருக்குக் கணினி தேவைப்படாது.